தூளி ஆகாத துணி

ஒரு நூல்சேலை பழசானால் அது என்னென்னவாக மாறும் என்பதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதில்லை. சாயம் வெளுத்து வெளியே கட்டிப்போக முடியாமல் போனதும் அது வீட்டுச்சேலை ஆகும். கொசுவத்தின் அடி ஓரம் நைந்தால் வயல்வேலைக்குக் கட்டும் சேலை ஆகும். வீட்டில் பிள்ளை பிறந்தால் உத்தரத்தில் தூளியாகத் தொங்கும்; பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணிதான் பிஞ்சு உடம்பில் உரசாது என்பதால் அதற்குப் புதுச்சேலையை யாரும் எடுப்பதில்லை. தூளியும் இற்றுப்போனால் நாலாகக் கிழித்துப் பிள்ளைக்குக் கீழே விரிப்பார்கள். மிஞ்சுவது தலைச்சுமைக்குச் சும்மாடு, உலைப்பானையை இறக்கப் பிடிதுணி, கடைசியில் விளக்குத்திரி. இந்த வரிசையில் ஓரிடத்தில்கூட ஊசி வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கை கிழித்தது, மடித்தது, முடிந்தது, அவ்வளவுதான். பழந்துணியை வீணாக்காத நம் மரபு பெரும்பாலும் தைக்காத மரபு. அது இன்று அறுந்துகிடக்கிறது என்றால் மக்களுக்குச் சிக்கனம் மறந்துவிட்டது என்பதல்ல காரணம்; துணி மாறிவிட்டது. மாறிய துணிக்குத் தையல் தேவை, தையலுக்குக் கூலி தேவை. இந்தக் கூலியைக் கணக்கில் எடுக்காமல் பேசப்படும் மறுபயன்பாடு எதுவும் கிராமத்தில் நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைப் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கும் திருவரங்குளத்தை வைத்துப் பேசுகிறேன். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம், பழைய சிவன் கோயில், சுற்றிலும் முந்திரி, தைலமரம், பக்கத்திலேயே வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் என்று இருக்கும் இந்த ஊரில் துணி ஆலையும் இல்லை, ஏற்றுமதி நிறுவனங்களின் சந்தடியும் இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பான்மைக் கிராமங்கள் இப்படித்தான் இருக்கின்றன என்பதாலேயே இது பொருத்தமான இடம்.

துணி மாறியது இரண்டு வகையில். முதலாவது வடிவம். சேலை, வேட்டி, துண்டு மூன்றும் நீள்சதுரங்கள். கைலியில் ஒரே ஒரு தையல். அதைப் பிரித்தால் அதுவும் நீள்சதுரம். எந்தப் பக்கம் கிழித்தாலும் நேராகக் கிழியும், கிழிந்த துண்டு இன்னொன்றுக்கு ஆகும். இன்று கிராமத்து வீட்டில் கொடியில் காய்பவை நைட்டி, சுடிதார், டீசர்ட், பேன்ட், லெக்கின்ஸ். ஒரு பழைய நைட்டியை விரித்துப் பாருங்கள். அக்குளில் தையல் விட்டிருக்கும், முன்பக்க ஜிப்பின் அடியில் கிழிந்திருக்கும், மார்புப் பட்டி சாயம் போயிருக்கும். ஆனால் பட்டிக்குக் கீழே சுருக்கம் வைத்துத் தைத்த அடிப்பாகம் முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய துண்டுகள், பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதைத் தூளி கட்ட முடியாது, நீளம் போதாது. கிழித்தால் சுருக்கத்தில் போய் மாட்டும். பயன்படுத்த வேண்டுமென்றால் பிளேடு எடுத்துச் சுருக்கத்தைப் பிரிக்க வேண்டும், தேய்க்க வேண்டும், நேர் இழை பார்த்து வெட்ட வேண்டும், ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். அதாவது ஒரு தையல்காரரின் வேலை முழுவதும் அதில் இருக்கிறது.

இரண்டாவது நார். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே பிள்ளைத்துணிக்கு ஆகாது. சூட்டில் உருகும், ஆகவே பிடிதுணிக்கு ஆகாது. பாத்திரம் இறக்கும்போது உருகிக் கையில் ஒட்டும் ஆபத்து உண்டு. எண்ணெயை ஏற்றி நின்று எரியாது, ஆகவே திரிக்கும் ஆகாது. தையல்காரர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு: ஓரத்தில் நாலு இழையை உருவிக் கொளுத்துவது. பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாய் உதிரும்; பாலியஸ்டர் சுருண்டு, கறுத்து, ஆறியதும் கெட்டிமணியாக நிற்கும். கலப்புத்துணியில் இரண்டும் சேர்ந்து வரும். இன்றைய பழந்துணி மூட்டையில் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. பார்வைக்கு எது எதுவென்று தெரியாது. பழைய பயன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோக, துணி குப்பைமேட்டுக்கும் கண்மாய்க் கரைக்கும் போகிறது. ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கும்போது துணி இரண்டு தொட்டிக்கும் பொருந்தாமல் நிற்கிறது. பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே இழையில் முறுக்கப்பட்டிருந்தால் யார்தான் என்ன பிரிக்க முடியும்? கடைசியில் கொளுத்துகிறார்கள்.

இதைப் பெரிய கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். 2022இல் ஃபேஷன் ஃபார் குட் அமைப்பு வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் ஓராண்டில் சேரும் துணிக்கழிவை சுமார் 78 லட்சம் டன் என்று மதிப்பிட்டது. உலகத் துணிக்கழிவில் இது 8.5 விழுக்காடு. இதில் 51 விழுக்காடு நம் வீடுகளில் உடுத்திக் கழித்தது, 42 விழுக்காடு ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் வெட்டும்போதே விழுவது, 7 விழுக்காடு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாவது. இந்த மூன்றின் கதியும் ஒன்றல்ல. திருப்பூரின் கட்டிங் வேஸ்ட் நல்ல சரக்கு. நிறம் ஒன்று, நார் என்னவென்று தெரியும், உடுத்தாதது. நிறவாரியாகப் பிரித்துப் பிய்த்து மறுபடி நூலாக்கினால் சாயம் போடாமலே வண்ணநூல் கிடைக்கிறது. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வரை போன பகுதியில் இதன் மதிப்பு அதிகம். இறக்குமதிப் பழந்துணி ஹரியானாவின் பானிபட்டுக்குப் போகிறது. அங்கே பெண்கள் பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறம் பிரித்து, பிய்த்துக் கம்பளிநூல் ஆக்கும் தொழிலை 2012இல் வந்த 'அன்ராவல்' என்ற ஆவணப்படம் காட்டியிருக்கிறது. நடுவில் நிற்பது நம் வீட்டுப் பழந்துணி. நகரத்தில் அதை வாங்கப் பாத்திரக்காரர்கள் வருகிறார்கள், தொண்டு அமைப்புகள் வருகின்றன. திருவரங்குளம் போன்ற ஊரில் பட்டுச்சேலையின் ஜரிகைக்கு மட்டும்தான் நிச்சயமான விலை உண்டு. அதில் வெள்ளி இருந்தால். ஐந்து வீட்டு நைட்டியையும் பேன்ட்டையும் லாரி ஏற்றித் திருப்பூருக்கோ பானிபட்டுக்கோ அனுப்பினால் வண்டிச்சத்தம் துணியின் விலையைத் தாண்டிவிடும்.

பிய்ப்பதற்கும் வெட்டித் தைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியம். பிய்த்தால் நார் குட்டையாகிறது. குட்டை நாரில் திரித்த நூல் பலம் குறைந்தது, புது நார் சேர்க்க வேண்டும். நூற்றது, நெய்தது, சாயம் போட்டது எல்லாம் போய்விட, கையில் மிஞ்சுவது தாழ்ந்த ரகப் பஞ்சு. வெட்டித் தைத்தால் அத்தனையும் துணியிலேயே நிற்கிறது. ஒரு கிலோ பருத்தித்துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் நீர் செலவாகிறது, இந்தியப் பருத்திக்கு 22,500 லிட்டர் என்பது நீர்த்தடக் கணக்கு. ஆகவே பிய்ப்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் ரிப்பேர், அதற்கடுத்து வெட்டித் தைத்தல் என்பதே நியாயமான வரிசை. ஆனால் இந்த நீர்க்கணக்கை வைத்து அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. பழந்துணியில் தைத்த ஒரு பொருள், புதிதாக வாங்கியிருக்க வேண்டிய ஒன்றின் இடத்தைப் பிடித்தால்தான் நீர் மிச்சம். யாருக்கும் தேவைப்படாத சுவர்த் தொங்கலும் பூவேலைச் செருகலும் தைத்தால் ஒரு சொட்டும் மிச்சமாகாது; நூலும் மின்சாரமும் கூடுதல் செலவு. பழந்துணிக் கைவினை என்ற பேரில் கண்காட்சிகளில் அடுக்கப்படும் பொருள்களில் பாதி இந்தச் சோதனையில் தேறாது என்பது என் கணிப்பு. கிராமம் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும் பொருள்களைப் பழந்துணியில் தைப்பதே காரியம்.

அப்படியானால் ஆலைகள் ஏன் இதைச் செய்வதில்லை? ஆயத்த ஆடையின் லாபம் முழுவதும் அடுக்கி வெட்டுவதில் இருக்கிறது. ஒரே அகலத் துணியை நூறு மடிப்பு அடுக்கி, மேலே ஒரு வரைவு போட்டு, கட்டிங் மாஸ்டர் ஒரே ஓட்டில் வெட்டுகிறார். பழந்துணியில் ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு தேய்மானம். ஒரு சட்டையில் காலரும் மணிக்கட்டுப் பட்டியும் முதலில் போகும், முதுகுத்துண்டு கடைசிவரை நிற்கும். பேன்ட்டில் தொடை இடுக்கும் முழங்காலும் போகும், கணுக்காலுக்கு மேலே கெண்டைப்பாகம் புதிதுபோல இருக்கும். இதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே இழை மெலிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துத்தான் வெட்ட முடியும். ஆயிரம் உருப்படி செய்தாலும் ஆயிரமாவது உருப்படிக்கு முதல் உருப்படியின் நேரமே பிடிக்கும். பெரிய ஆலைக்கு இது கேடு; தெருமுனைத் தையல்காரருக்கு இதுவே பலம். கடையில் தைக்கும் பெண் ஒவ்வொரு ரவிக்கையையும் தனித்தனி அளவில்தான் தைக்கிறார். ஒன்றுபோல் ஒன்று இல்லாத வேலை அவருக்குப் புதிதல்ல. ரவிக்கைக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளை முக்கோணமாக வெட்டி ஒட்டுப்போட்டுச் சுருக்குப்பை தைத்துக்கொடுக்கும் வழக்கம் நம் தையற்கடைகளில் இருந்தது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த அந்தப் பையில் வெற்றிலையும் சில்லறையும் இருந்தன. தமிழ்நாட்டுப் பழந்துணித் தையலுக்கு முன்னோடி தேட வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இனிக் கூலிக்கணக்கு. 2025-26க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். மண் வெட்டும் வேலைக்கு அரசே ஒப்புக்கொண்ட இந்தத் தொகைக்குக் கீழே ஒரு கைத்தொழிலுக்குக் கூலி வைப்பது எந்த நியாயத்திலும் சேராது. இரண்டு பழைய பேன்ட்டைப் பிரித்து, துவைத்துத் தேய்த்து, உள்துணி கொடுத்து ஒரு கனமான சந்தைப்பை தைக்க ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கூலி மட்டும் 63 ரூபாய். நூல், நாடா, மின்சாரம் தனி. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கிய பின் வைக்கப்பட்ட இயந்திரங்களில் 10 ரூபாய்க்கு ஒரு மஞ்சப்பை வந்து விழுகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். சாதாரணக் கைப்பையில் பழந்துணித் தையல் போட்டியிட முடியாது. போட்டியிட வைத்தால் அந்த 53 ரூபாய் வித்தியாசமும் தைக்கும் பெண்ணின் மடியிலிருந்துதான் போகும். மூலப்பொருள் இலவசம் என்ற எண்ணமே இங்கே கேடு செய்கிறது. துணி இலவசம்தான், நேரம் இலவசமல்ல. புதுத்துணியில் இல்லாத பிரிக்கும் வேலையும் தேறுமா என்று பார்க்கும் வேலையும் பழந்துணியில் கூடுதலாக இருக்கின்றன. ஆகவே எதைத் தைப்பது என்பதைவிட எதைத் தைக்காமல் விடுவது என்று தெரிவதே இந்தத் தொழிலின் முதல் அறிவு. ஜிப் மாற்றுவது, இடுப்பை விரிப்பது, பேன்ட்டை அரைக்கால் சட்டையாக்குவது, சேலையைச் சுடிதாராகத் தைப்பது, இரண்டு மூன்று அடுக்கு வைத்து இயந்திரத்தில் நேர்கோடாக ஓட்டிப் படுக்கை விரிப்பு தைப்பது, கால்மிதி, தலையணை உறை: இவற்றில் கூலி கட்டும். கால் மணி நேர வேலையில் ஒரு பேன்ட்டின் ஆயுள் இரண்டு வருடம் கூடுகிறது என்றால் வாடிக்கையாளருக்கும் லாபம், தையல்காரருக்கும் லாபம்.

இந்தியாவின் பிற பகுதி அனுபவங்களும் இதையே சொல்கின்றன. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் கவந்தி என்ற போர்வை உண்டு. விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச்சுற்றி ஓட்டுத்தையல் போட்டு நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் அவர்களுக்கு அது முடிந்த போர்வையே அல்ல. வங்காளத்தின் காந்தாவும் பீகாரின் சுஜனியும் இதே குடும்பத்தவை. அழகில் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. ஆனால் இவை பிறந்தது விற்பனைக்காக அல்ல, சொந்த வீட்டுக்காக. அதில் போன நாள்களுக்கு யாரும் கூலி கேட்கவில்லை. அதே கையை விற்பனைக்குத் தைக்கச் சொன்னால் ஒரு போர்வைக்குப் பல நாள் கூலி விழும். அதை வாங்கப் பெருநகரத்துக்காரரால்தான் முடியும். கைத்தையலின் இந்த எல்லையைச் சரியாகப் புரிந்துகொண்ட அமைப்பு என்று நான் கருதுவது, 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச். பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுப்பது, கிழிந்ததைத் தைப்பது, கனத்த துணியில் பள்ளிப்பை, நைந்ததில் சுஜனி விரிப்பு, அதற்கும் ஆகாத பருத்தியில் சுத்தம் செய்த மாதவிடாய்த் துணி என்று அவர்கள் துணியின் தேய்மானத்துக்கு ஏற்ப வேலையைப் பிரித்திருக்கிறார்கள். கொடுப்பதையும் தானமாகக் கொடுப்பதில்லை. ஊரார் கூடிக் கிணறு வெட்டினால், சாலை போட்டால் அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்ததற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் கசப்பாக வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம், கடலூர்ச் சாலையோரங்களில் நாடெங்கிலும் இருந்து வந்த பழந்துணி குவிந்து கிடந்தது. வீட்டையும் படகையும் பிள்ளைகளையும் இழந்து நின்ற கடற்கரை மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். அன்று சிலர் இதை நன்றி இல்லாமை என்று பேசினார்கள். அது தவறான தீர்ப்பு. கிழிந்த சட்டையும் ஒற்றைக்கால் சாக்ஸும் கடற்கரைக்கு ஒவ்வாத கம்பளியும் கலந்து அனுப்பியவர்கள் தங்கள் அலமாரியைக் காலிசெய்தார்களே தவிர, எதிரே உள்ளவர் யார் என்று எண்ணவில்லை. அதே சுனாமிக்குப் பின் ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா வடிவமைப்புக்கூடம் மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணித்துண்டுகளில் சுண்டுவிரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்ற அந்தப் பொம்மை விற்கப்படவில்லை, பரிசாகவே தரப்பட்டது. செய்த பெண்களுக்கு நன்கொடையிலிருந்து கூலி போனது. துயரத்தில் உறைந்த கைகளுக்கு வேலை கொடுத்தது என்ற அளவில் அது பெரிய காரியம். தொழிலின் மாதிரி என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. நன்கொடை நின்றால் கூலியும் நிற்கும். இருந்தும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. பழந்துணி மேலிருந்து கீழே எறியப்பட்டபோது அவமானமாயிற்று. துண்டுத்துணி உழைப்பின் மூலப்பொருளாகக் கைக்கு வந்தபோது அப்படி ஆகவில்லை.

இந்த இடத்தில் எழும் ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் வலியது. மேலோட்டமாகக் கடந்துவிட முடியாதது. நம் சமூகத்தில் பழந்துணிக்குச் சாதி உண்டு. வேலைக்காரச் சூத்திரனுக்கு உடுத்திக் கழித்த ஆடையையும், சண்டாளனுக்குப் பிணத்தின் ஆடையையும் விதித்தது மனுநூல். ஊர்வேலை செய்த சமூகங்களுக்குக் கூலிக்குப் பதில் பழைய சேலையும் வேட்டியும் போட்ட வழக்கம் நேற்றுவரை இருந்தது. தென் திருவிதாங்கூரில் தோள்சீலை போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டு போராடி 1859இல்தான் அரசு இறங்கிவந்தது. உடை என்பது கண்ணியம் என்று ரத்தம் சிந்திக் கற்ற மக்களிடம் போய், பழசைத் தைத்துப் போடுங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? புதுத்துணி எடுப்பது வீண் ஆடம்பரம் என்று, இரண்டு அலமாரி நிறையத் துணி வைத்திருப்பவர் சொல்லும்போது கேட்பவருக்குக் கோபம் வருவது இயல்பு. 1983 முதல் பொங்கலுக்கு ஏழைகளுக்குப் புது வேட்டி சேலை தரும் அரசுத் திட்டம் இத்தனை ஆட்சி மாறியும் நிற்பதற்கு, நெசவாளருக்கு வேலை என்பதோடு இந்த உணர்வும் ஒரு காரணம்.

இந்த ஆட்சேபத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அது தாக்குவது தையலை அல்ல, தானத்தை. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் பேசியபோது, தீண்டாமையின் அடையாளமாகச் சேலை கட்டும் முறையை விட்டுவிடச் சொன்னார்; துணியில் ஒட்டு இருந்தாலும் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்றும் சொன்னார். அவர் எதிர்த்தது பிறர் சுமத்திய அடையாளத்தை. தன் கையால் போட்ட ஒட்டை அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நடைமுறைக்கு மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. பழந்துணியை இனாமாக வாங்கக்கூடாது, எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்க வேண்டும்; காசு கைமாறினால் அது சரக்கு, தானம் அல்ல. தைத்த பொருளை ஏழைக்கென்று ஒதுக்கக்கூடாது. ஊராட்சி அலுவலகமும் பள்ளியும் வங்கியும் முதலில் வாங்க வேண்டும். உடம்பில் போடும் உடையாகத் தைப்பதைச் சொந்தத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்: அம்மாவின் சேலை மகளுக்குப் பாவாடையாவதில் யாருக்கும் தாழ்வில்லை. முகம் தெரியாதவரின் துணி விரிப்பாக, பையாக, உறையாக மாறட்டும். சுகாதாரம் பற்றிய அச்சத்துக்கும் விடை இருக்கிறது. சொறிசிரங்கு உண்டாக்கும் பூச்சி 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் பத்து நிமிடத்தில் சாகும். வெந்நீரில் ஊறப்போட்டு அலசி, புதுக்கோட்டை வெயிலில் இரண்டு நாள் காயப்போட்ட பின்பே துணி வெட்டும் மேசைக்கு வர வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு ஆட்சேபம் அளவு பற்றியது. 78 லட்சம் டன் எங்கே, ஒரு ஒன்றியத்தில் இருபது முப்பது பெண்கள் தைப்பது எங்கே? கேள்வி சரி, கழிவைத் தீர்ப்பது இந்தத் தொழிலால் ஆகாது. அது உற்பத்தியைக் குறைப்பதிலும், பிரிக்க முடியாத கலப்புத்துணியைத் தயாரிப்பவர் பொறுப்பேற்பதிலும் தீர வேண்டியது. 2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் துணியைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயமாகிவிட்டது. அப்படிச் சேரும் துணி மறுபடியும் கானாவின் கன்டமான்டோ போன்ற சந்தைகளுக்குத்தான் வந்து இறங்குமோ என்ற கவலை இருக்கிறது. உலகச் சிக்கலைத் திருவரங்குளத்துத் தையல் இயந்திரத்தின் தலையில் ஏற்ற வேண்டாம். அது தீர்க்கக்கூடியது வேறொன்று: ஊரைவிட்டுப் போகாமல், வெயிலில் நிற்காமல், பெண்கள் ஊரிலேயே கூலி பெறும் வேலை, ஊர் கண்மாயில் துணி எரியாமல் இருப்பது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. 1991-92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கருவியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் அது நடந்திருக்காது. கூட்டமாகக் கற்றார்கள், அதனால் கேலியைத் தாங்க முடிந்தது. கற்றதும் தண்ணீர் எடுக்க, கல்குவாரிக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று அன்றன்றைக்கே பயன் இருந்தது. சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் இயந்திரம் ஒருத்தியின் வீட்டுக்குத் தனியாகப் போகிறது; தைத்துப் பழகிய பின் வேலை எங்கிருந்து வரும் என்பது அந்த ஒருத்தியின் பாடாகிவிடுகிறது. கிராமத்தில் ரவிக்கையும் சீருடையும் தைக்க எத்தனை பேருக்கு வேலை இருக்கும்? நாலாவது ஐந்தாவது ஆள் வந்ததும் தையற்கூலி இறங்கிவிடும். பழந்துணி வேலைக்கு முதல் தேவை இயந்திரமல்ல, நிச்சயமாக வாங்கும் ஆள்.

திருவரங்குளத்தில் அப்படி வாங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். வம்பனில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருப்பதால் இந்தப் பக்கம் உளுந்து விதை பற்றிய பேச்சு புதிதல்ல. ஏக்கருக்கு 8 கிலோ விதை தேவை. அடுத்த பருவத்துக்குச் சொந்த விதை எடுத்துவைக்கும் விவசாயிக்கு, காற்றோட்டமுள்ள துணிப்பையே பொருத்தமானது. சான்று விதைக்குப் புதுப்பையும் அட்டையும் வேண்டும், அதில் கைவைக்க முடியாது. வீட்டு விதைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கைலியின் நல்ல பாகத்தை இரட்டையாக மடித்துத் தைத்தால் 8 கிலோ தாங்கும் பை வரும். இரண்டே நேர்த்தையல், ஒரு கயிற்றுப்பட்டி. பிரிக்க வேண்டியது ஒரே தையல் என்பதால் இது மலிவாக முடியும் அரிய உருப்படி.

அதைவிடப் பெரிய வாய்ப்பு சீருடை. சத்துணவு உண்ணும் மாணவருக்கு 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடையை அரசு தருகிறது. தைப்பவர்கள் சமூக நலத்துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள். பழந்துணியின் அடிப்படைத் தொல்லை ஒன்றுபோல் ஒன்று இல்லாதது என்று மேலே சொன்னேன். அந்தத் தொல்லை இல்லாத பழந்துணி கிராமத்தில் ஒன்றே ஒன்றுதான், அது சீருடை. நிறம் ஒன்று, துணி ஒன்று, அளவுகள் வரையறுக்கப்பட்டவை. பத்துப் பாவாடையைப் பிரித்தால் அடுக்கி வெட்டலாம். தம்பி தங்கைக்குப் போட்டு, வீட்டிலும் போட்டுத் தீர்த்துவிடுவார்களே, என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். தீர்ப்பதே நல்லது, அதன் பிறகும் வளர்ந்துவிட்டதால் கைவிட்டவை இருக்கும். பாவாடையின் மடிப்புக்குள் வெயில் படாமல் ஒளிந்திருந்த துணி, பிரித்தால் அசல் நிறத்தோடு வெளியே வரும். அந்த மடிப்பில் கிடைக்கும் துணி சின்னதல்ல. வகுப்பறை இருக்கை விரிப்பு, கரும்பலகைத் துடைப்பான், சத்துணவுக் கூடத்துத் தட்டு வைக்கும் பை, நூலக நூல்களுக்கு உறை எல்லாம் அதே பள்ளிக்கே தேவைப்படுபவை. தைக்கும் கூலியை உருப்படிக்கு இவ்வளவு என்று அரசு ஏற்கெனவே நிர்ணயித்திருக்கிறது. பிரிக்கும் கூலிக்கும் மாற்றித் தைக்கும் கூலிக்கும் அதே ஆணையில் இடம் வேண்டும், அதுவும் மணிக்கு 42 ரூபாய்க்குக் குறையாமல். காலம் ஒன்றுதான் இடிக்கும். பிள்ளைகளிடம் பழைய சீருடை சேர்வதும் புதுச் சீருடை தைக்கும் நெருக்கடியும் பள்ளி திறக்கும் நேரத்தில் ஒன்றாக வந்துவிடும். சேர்த்ததைத் துவைத்துக் கட்டி வைத்து, முகூர்த்தம் இல்லாததால் ரவிக்கைத் தையல் படுத்துவிடும் ஆடி மாதத்தில் பிரிக்கத் தொடங்கினால், தீபாவளித் துணி கடைக்கு வருமுன் வெட்டும் மேசை காலியாகிவிடும்.